பாலைநிலத்து ஓவியம்: மணலில் எழுதிய உறுதி

ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாற்றை அறிய விழைவோர் அவர்தம் ஏடுகளையும் கல்வெட்டுக்களையும் தேடுதல் வழக்கம். ஏடும் எழுத்தும் இல்லாதார்க்கு வரலாறே இல்லையென முடிவுகட்டியோரும் உளர். அவுஸ்திரேலியாக் கண்டத்தின் ஆதிக்குடிகளைப் பற்றி ஐரோப்பியர் நெடுங்காலம் கொண்டிருந்த கருத்து இத்தகையதே. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளாக அக்கண்டத்தில் வாழ்ந்து, 1788ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்து குடியேறிய காலத்தில் 250க்கு மேற்பட்ட மொழிகளைப் பேசிவந்த அம்மக்களின் நிலம், உடையவர் எவருமில்லாத நிலமென்று கொள்ளப்பட்டுக் கைக்கொள்ளப்பட்டது. காணிக்கு உறுதி எங்கேயென்று கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு தாள்தானும் இருக்கவில்லை.

ஆயின் உறுதி இருந்தது. அது மணலில் எழுதப்பட்டிருந்தது, மேனியில் எழுதப்பட்டிருந்தது, பாட்டிலும் ஆட்டத்திலும் வைத்துக் காக்கப்பட்டிருந்தது. 1971ஆம் ஆண்டளவில் அது பலகையிலும் பின்னர் துணியிலும் ஏறியது. இன்று உலகின் பெரிய ஓவியக் கூடங்களிலெல்லாம் இடம்பெற்றிருக்கும் அவுஸ்திரேலியப் பாலைநிலத்து ஓவியம் தோன்றிய வகையையும், அதன் குறிகள் உணர்த்தும் பொருளையும், அதனால் விளைந்த பயனையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண் அந்நிலத்தை அறிதல் வேண்டும். கண்டத்தின் நடுவே அலிஸ் ஸ்பிறிங்ஸ் என்னும் நகரம் உளது. அதற்கு மேற்கேயும் வடக்கேயும் செம்மணற் குன்றுகளும் முட்புற்களும் மல்கா மரங்களும் பரந்து கிடக்கின்றன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. பாறைக் குழிகளிலும் மணலுக்கடியிலும் தங்கி நிற்கும் நீரே உயிருக்கு ஆதாரம். ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி எது, எந்தப் பருவத்தில் எது வற்றும், எந்த மழைக்குப்பின் எந்தக் கனி பழுக்கும் என்பனவற்றை அறிந்தவனே அங்கு வாழ்தல் கூடும்.

இவ்வறிவு முழுவதையும் அம்மக்கள் ஒரு சமயநெறியோடு பிணைத்து வைத்தனர். ஆதிகாலத்தில் முன்னோர்கள் மனித வடிவிலும் விலங்கு வடிவிலும் நிலத்தினின்று எழுந்து திசையெங்கும் நடந்தனர், தங்கினர், வேட்டையாடினர், சண்டையிட்டனர். அவர்கள் இருந்த இடம் சுனையாயிற்று. வீழ்ந்த இடம் குன்றாயிற்று. நடந்த தடம் பாட்டாயிற்று. ஈற்றில் அவர்கள் மீண்டும் நிலத்துள் மறைந்தனர். எனினும் அவர்தம் ஆற்றல் அவ்விடங்களில் இன்றும் நிலைத்துளது என்பது நம்பிக்கை. வார்ல்பிரி மொழியினர் இதனை ஜுக்குர்ப்பா என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பென்சர், கில்லன் என்னும் இருவர் இக்கருத்தினை ஆங்கிலத்திற் 'கனவுக்காலம்' என்று பொருள்படப் பெயர்த்தனர். அப்பெயரே உலகெங்கும் பரவிற்று. நாமும் அதனைக் கனவு என்றே கொள்வோமாயின் பொருள் பெரிதும் குறைவுபடும். உறங்குங்கால் தோன்றி விழிக்குங்கால் மறைவதன்று ஜுக்குர்ப்பா. அஃது உலகத்தோற்றம் கூறும் கதை. உறவுமுறையும் ஒழுக்கமும் விதிக்கும் சட்டம். இன்னாரின் நிலம் இன்னதென வரையறுக்கும் எல்லைக்கல். இம்மூன்றும் ஒன்றேயாம்.

ஓரிடத்தின் கதைக்கு உரிமை பிறப்பால் வருவது. வார்ல்பிரி மக்களிடையே தந்தைவழியால் உரிமை பெற்றோர் 'கிர்டா' எனவும், தாய்வழியால் காவற்கடமை பெற்றோர் 'குர்டுங்குர்லு' எனவும் வழங்கப்படுவர். முன்னையோர் சடங்கினை ஆற்றுவர்; பின்னையோர் அது பிழையின்றி ஆற்றப்படுகின்றதா என மேற்பார்ப்பர். ஆகவே ஒருவன் தான் விரும்பிய கதையைத் தன் மனம்போனவாறு வரைந்துவிடுதல் இயலாது. பிறன் காணியை நாம் எழுதிக்கொடுக்க இயலாதது எப்படியோ அப்படியே இதுவும்.

சடங்குக் காலங்களில் நிலத்தைச் சமன்செய்து, காவிக்கல்லும் வெண்களிமண்ணும் தோய்ந்த பூந்துய்களால் பெரிய கோலங்களைத் தரைமீது இடுவர். ஆடுவோரின் மேனியிலும் அதே கோலங்களை எழுதுவர். சடங்கு முடிந்ததும் ஆட்டத்தில் அவை மிதிபட்டு அழியும். பெண்டிரோ பிள்ளைகளைச் சூழ இருத்தி, மணலை உள்ளங்கையால் தடவி, விரலாற் குறிகளை இட்டு இட்டு அழித்துக் கதை சொல்வர். நிலைத்து நிற்கும் ஓவியம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கதையை அறிந்தவர் இருக்கும்வரை அதனை மீண்டும் வரைந்துகொள்ளலாம் அன்றோ?

வெள்ளையரின் வருகையால் இவ்வொழுங்கு குலைந்தது. கால்நடைப் பண்ணைகள் நீர்நிலைகளைப் பற்றிக்கொண்டன. எதிர்த்தோர் சுடப்பட்டனர். 1877ஆம் ஆண்டில் ஜெர்மனிய லூதரன் பாதிரிமார் ஹேர்மன்ஸ்பேர்க் என்னுமிடத்தில் ஒரு மிஷனை நிறுவினர். அவர்கள் அரண்டா மொழியைக் கற்றனர். அம்மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தனர். துரத்தப்பட்டோருக்குப் புகலிடமும் கொடுத்தனர். அதே வேளையில் பழைய சடங்குகளை ஆகாவென்று விலக்கினர். மிஷன் பாடசாலைகளிற் கல்விபெற்ற நம்மனோர் இவ்விரண்டினையும் ஒருங்கே நினைவுகூர்தல் நேர்மையாகும்.

அந்த மிஷனிலே 1902ஆம் ஆண்டிற் பிறந்தவர் அல்பேட் நமற்ஜிரா. றெக்ஸ் பற்றர்பீ என்னும் ஓவியரிடம் நீர்வர்ணம் தீட்டப் பயின்று, தம் நாட்டு மலைகளையும் வெண்மரங்களையும் ஐரோப்பிய முறையிலே வரைந்தார். 1938இல் மெல்போண் நகரில் நடந்த அவரது முதற் கண்காட்சியில் வைக்கப்பட்ட 41 ஓவியங்களும் விற்றுத் தீர்ந்தன. புகழ் வந்தது, உரிமை வரவில்லை. அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரில் வீடு கட்டிக் குடியிருக்கவும் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1957இல் தனிச்சலுகையாகக் குடியுரிமை வழங்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, குடியுரிமையற்ற தம் இனத்தவர்க்கு மது கொடுத்தார் என்ற குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். உள்ளதை உறவினரோடு பகிர்தல் அவர் குலத்தின் சட்டம். பகிர்தல் குற்றமென்றது அரசின் சட்டம். இரண்டு மாதங்களைக் காவலிற் கழித்து, 1959ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். அவர் காவலில் இருந்த இடத்தின் பெயர் பப்புன்யா.

அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 240 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பப்புன்யா, 1950களின் இறுதியில் அரசினரால் அமைக்கப்பட்ட குடியேற்றம். ஆதிக்குடிகளை வெள்ளையர் வாழ்க்கைமுறைக்குள் கரைத்துவிடுதல் அக்காலத்துக் கொள்கை. பிந்துபி, லூரிஜா, வார்ல்பிரி, அரண்டா, அன்மாஜர எனப் பல மொழியினரும் தத்தம் நிலங்களைவிட்டு அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டனர். வரட்சியால் வந்தோர் சிலர். அரசின் சுற்றுப்பயணக் குழுக்களால் அழைத்துவரப்பட்டோர் பலர். பாலையின் மேற்கெல்லையிலிருந்து வந்த பிந்துபி மக்களுட் பலர் நோயாலும் ஏக்கத்தாலும் மாண்டனர். சொந்த நிலத்தின் பாட்டை வேற்று நிலத்தில் அமர்ந்து நினைக்கும் முதியோர் நிறைந்த ஊராயிற்று அது.

1971ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெப்றி பார்டன் என்னும் இளம் ஆசிரியர் அவ்வூர்ப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தார். வகுப்பறையில் பிள்ளைகள் சினிமாவிற் கண்ட குதிரைவீரர்களை வரைவதையும், வெளியே மணலில் அமர்ந்தபோது அதே பிள்ளைகள் விரல்களால் வட்டங்களும் வளைவுகளும் இட்டுத் தம் மொழியிற் கதை பேசுவதையும் அவர் கண்டார். அக்குறிகளையே தாளிலும் வரையுமாறு ஊக்கினார். பிள்ளைகள் தயங்கினர், ஏனெனில் அக்கதைகள் அவர்களுக்கு உரியன அல்ல, முதியோருக்கே உரியன. பாடசாலைச் சுவரில் ஓவியம் ஒன்று தீட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோது முதியவர்களே முன்வந்தனர்.

பப்புன்யா தேனெறும்பின் தலம். மல்கா மரத்தடியில் ஆழத் தோண்டினால், வயிற்றில் இன்சாற்றைத் தேக்கி வைத்திருக்கும் எறும்புகள் கிடைக்கும். அத்தேனெறும்பு முன்னோரின் கதையைச் சுவரில் எழுதுவதென்று முடிவாயிற்று. அக்கதைக்குரிய முதியவர் அனுமதி கொடுத்தார். காப்பா ஜம்பிஜின்பா என்பவர் தலைமையில் சிலர் கூடி வரைந்தனர். முதலில் எறும்பு ஐரோப்பிய முறைப்படி கண்ணாற் கண்ட உருவமாகவே எழுதப்பட்டதென்றும், அது நம்முடைய எறும்புதானா என்று வினவியபின் அதனை நீக்கி மரபுக்குரிய குறியை இட்டனர் என்றும் பார்டன் பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஓர் அரசாங்கக் கட்டடத்தின் சுவரில், யாரை மாற்றுவதற்காக அக்கட்டடம் எழுப்பப்பட்டதோ அவர்கள் தம் சட்டத்தை எழுதினர். பாலைநிலத்து ஓவிய இயக்கத்தின் பிறப்பு இதுவே.

அதன்பின் கைக்கு அகப்பட்ட பலகைத் துண்டுகளிலெல்லாம் முதியோர் வரையத் தொடங்கினர். 1971 ஆகஸ்டில் அலிஸ் ஸ்பிறிங்ஸில் நடந்த ஓவியப் போட்டியொன்றில் காப்பாவின் படைப்பு முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டது. 1972இல் ஓவியர்கள் தமக்கே உரிய கம்பனியாகப் பப்புன்யா துலா என்னும் நிறுவனத்தை அமைத்தனர். அவ்வாண்டிலேயே பார்டன் உடலும் உள்ளமும் நலிந்து ஊரைவிட்டு நீங்கினார். 1974இல் தேனெறும்புச் சுவரோவியத்தின்மீது வெறும் வர்ணம் பூசி மறைத்துவிட்டனர். சுவர் மறைந்தது, இயக்கம் மறையவில்லை.

இனி இவ்வோவியங்களின் குறிகளை நோக்குவோம். இவற்றைப் பார்ப்போர் தாம் வானத்திலிருந்து நிலத்தைக் குனிந்து நோக்குவதாக எண்ணிக்கொள்ளல் வேண்டும். ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வட்டங்கள் ஓர் இடத்தைக் குறிக்கும்: நீர்ச்சுனை, தங்குமிடம், அடுப்புத்தீ, குன்று, சடங்குக்களம் என்பவற்றுள் எதுவாகவும் அது இருக்கலாம். வட்டத்தை வட்டத்தோடு இணைக்கும் நேர்கோடுகள் முன்னோர் நடந்த வழி. நெளிகோடு ஓடும் நீராகவோ பாம்பாகவோ மின்னலாகவோ அமையும். லாடம் போன்ற வளைவு நிலத்தில் அமர்ந்திருக்கும் ஆளைக் குறிக்கும். மணலிற் சம்மணமிட்டு இருந்தவர் எழுந்து போனபின் அங்கே பதிந்திருக்கும் தடம் அதுவே. அவ்வளைவின் அருகே தோண்டுகோலும் மரத்தட்டும் இருப்பின் அவள் பெண். ஈட்டியும் பூமராங்கும் இருப்பின் அவன் ஆண். மூன்று விரற்கோடு ஈமுப் பறவையின் அடி. இரு காற்றடங்களின் நடுவே நீண்ட கோடு செல்லின், அது வாலை இழுத்துச் செல்லும் கங்காருவின் தடம். சுருங்கக் கூறின், உருவத்தை எழுதாது உருவம் விட்டுச்சென்ற சுவட்டை எழுதும் கலை இது. வேடர் குலத்திற்கு இதனினும் பொருத்தமான எழுத்து வேறெது?

எனினும் அகராதி கொண்டு மொழியைப் படிப்பதுபோல் இவற்றைப் படித்துவிட இயலாது. ஒரே வட்டம் ஓரிடத்திற் சுனையாகவும் மற்றோரிடத்தில் தீயாகவும் நிற்கும். எது எதுவென்று சொல்லத்தக்கவர் அக்கதைக்கு உரியவரே. சான்றாக, கிளிபோட் பொசம் ஜப்பல்ஜாரி 1977இல் வரைந்த வார்லுகுலொங் என்னும் பெரிய ஓவியத்தைக் கூறலாம். நீலநாக்குப் பல்லியாகிய லுங்காட்டா என்னும் முதியவரின் புதல்வர் இருவர், புனிதமான கங்காருவொன்றைக் கொன்று தந்தைக்குப் பங்கு கொடாது தின்றனர். சினங்கொண்ட தந்தை காட்டுக்குத் தீயிட்டான். மைந்தர் ஓடினர், தீ விடாது துரத்தியது, இருவரும் மாண்டனர். பகிர்ந்துண்ணாமையின் பயனைக் கூறும் இக்கதையின் களத்தோடு வேறு பல முன்னோரின் வழிகளும் அதே துணியில் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. கதைநூலும் நிலப்படமும் ஒருங்கே அமைந்த படைப்பு அது.

பாலைநிலத்து ஓவியமென்றவுடன் எல்லோர்க்கும் நினைவில் எழுவது புள்ளிகளே. தரைக்கோலத்திற் பதித்த பூந்துய்களின் சாயலே புள்ளியாயிற்று. ஆயினும் அதற்கு மற்றொரு பணியும் உண்டு. தொடக்ககால ஓவியங்கள் சிலவற்றில், சடங்குமுடித்த ஆடவர் மட்டுமே காணத்தக்க புனிதப் பொருள்கள் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தன. அவை நகரத்திற் காட்சிக்கு வந்தபோது ஏனைய ஊர்களின் முதியோர் கடுமையாகக் கண்டித்தனர். 1970களின் நடுப்பகுதிக்குள் ஓவியர்கள் அப்பொருள்களை நீக்கினர். புள்ளிகளை நெருக்கிப் பரப்பி மறைக்க வேண்டியதை மறைத்தனர். உலகம் வியந்து போற்றும் அப்புள்ளித்திரை, ஒருவகையிற் சார்த்திய கதவு ஆகும். தொடக்ககாலப் பலகைகளுட் சிலவற்றை இன்றும் அருங்காட்சியகங்கள் காட்சிக்கு வைப்பதில்லை. எல்லாவற்றையும் எல்லோர்க்கும் காட்டுதலே அறிவு என்று எண்ணும் இக்காலத்தார், காட்டாது வைத்தலும் ஒரு கடமையாகும் என்பதை இங்கே கற்றுக்கொள்ளலாம்.

பப்புன்யாவில் முதலில் வரைந்தோர் ஆடவர். பெண்டிர்க்கும் தமக்கேயுரிய சடங்குகளும் குறிகளும் உண்டு. 1980களில் யுவெண்டுமு முதலிய ஊர்களில் அவர்களும் துணியில் வரையலாயினர். யுவெண்டுமுப் பாடசாலையின் முப்பது கதவுகளில் முதியவர் ஐவர், பிள்ளைகள் தம் கதைகளை மறவாதிருக்கும்பொருட்டு, வரைந்து வைத்தமையும் அக்காலத்தே. அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகருக்கு வடகிழக்கேயுள்ள உட்டோப்பியாவில் எமிலி காமெ உங்வாரெய் என்னும் மூதாட்டி 1977இல் பத்திக் தொழிலைக் கற்று, எண்பது வயதை அணுகும்போதுதான் துணியில் வரையத் தொடங்கினார். 1996இல் மறையுமுன் அவர் வரைந்தவை ஆயிரக்கணக்கின. கிழங்குக் கொடியின் வேர்கள் நிலத்தடியிற் பின்னிச் செல்வதை, கரிய பரப்பில் வெண்கோடுகளாக எட்டு மீற்றர் நீளத்தில் 1995இல் அவர் எழுதிய ஓவியம் மெல்போணிலுள்ள விக்ரோறியா தேசிய ஓவியக்கூடத்தில் உளது.

புகழோடு வாணிபமும் வந்தது. ஜொனி வறங்குல ஜுப்புருல என்பவர் 1972இல் வரைந்த மழைக்கதை ஓவியம் முதலில் 150 டொலருக்கு விலைபோயிற்று. 1997இல் அது 206,000 டொலருக்கும், 2000ஆம் ஆண்டில் 486,500 டொலருக்கும் ஏலத்தில் விற்கப்பட்டது. முதுமையில் வறுமையோடிருந்த ஓவியருக்கு அவ்விற்பனைகளிற் பங்கு கேட்கும் உரிமையைச் சட்டம் கொடுக்கவில்லை. அவர் 2001இல் மறைந்தார். முன்னர்க் கூறிய வார்லுகுலொங், 1,200 டொலருக்கு வாங்கப்பட்டு ஒரு வங்கியின் உணவுச்சாலைச் சுவரில் தொங்கியது. 2007இல் அவுஸ்திரேலியத் தேசிய ஓவியக்கூடம் அதனை 24 இலட்சம் டொலருக்கு வாங்கியது. மறுவிற்பனையில் ஓவியருக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு கொடுக்கும் சட்டம் 2009இல் நிறைவேறி மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆதிக்குடி ஓவியர்களின் கோலங்களை அனுமதியின்றிக் கம்பளங்களில் நெய்து இறக்குமதி செய்த வணிகருக்கெதிராக 1994இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் விதித்தது. புனிதக் கோலத்தைக் காலால் மிதிக்கும் கம்பளமாக்கியதால் உண்டான மனவேதனைக்கும் அதில் ஈடு கணிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும் இவ்வியக்கத்தின் உண்மையான பயனை ஏலவிலையால் அளத்தல் தவறு. 1976இல் வடபிரதேசத்து ஆதிக்குடிகளின் நிலவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1981ஆம் ஆண்டளவில் பிந்துபி மக்கள் பப்புன்யாவை விட்டு, மேற்கே தம் பழைய நிலத்திலுள்ள கின்ரோர் என்னுமிடத்திற்கு மீண்டு சென்று ஊர் அமைத்தனர். எந்த நிலத்தை நினைந்து வரைந்தனரோ அந்த நிலத்திலேயே அமர்ந்து வரையும் பேறு அவர்க்குக் கிட்டிற்று.

1988இல் கன்பராவில் புதிய பாராளுமன்றம் திறக்கப்பட்டபோது, அதன் முன்றிலில் மைக்கேல் நெல்சன் ஜகமாரா வரைந்த கோலம் ஏறத்தாழ 90,000 கருங்கற்றுண்டுகளாற் பதிக்கப்பட்டிருந்தது. பல குலத்தார் பல வழிகளால் வந்து ஒரு மன்றிற் கூடுவதை அது குறிக்கும். 1993இல், நிலவுரிமை பற்றிய அரசின் போக்கில் மனங்கசந்த அவர் அங்கே வந்து, அக்கோலத்தினின்று ஒரு கல்லைத் தம் கையாற் பெயர்த்தெடுத்தார். தம் சட்டத்தை முற்றத்தில் மதியாது அதன் அழகை மட்டும் வைத்துக்கொள்ளல் ஆகாது என்பதே அச்செயலின் பொருள் எனலாம்.

உடையவரில்லா நிலம் என்ற கொள்கையை அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1992இல் மாபோ வழக்கிலே நிராகரித்திருந்தது. அதன்பின், பப்புன்யாவுக்கு வடமேற்கே வெகுதொலைவிலுள்ள பெருமணற் பாலையின் மக்கள் தம் நிலவுரிமையைக் கோரினர். நீதியாளர்முன் ஆங்கிலத்திற் சான்று கூறுதல் அவர்களுக்கு அரிதாயிருந்தது. ஆகவே 1997இல் நாற்பதுக்கு மேற்பட்டோர் கூடி, பத்து மீற்றர் நீளமும் எட்டு மீற்றர் அகலமுமான துணியில் தம் நாட்டின் நீர்நிலைகளையெல்லாம் வரைந்தனர். ஙுராரா என்று பெயர்பெற்ற அத்துணியை நிலத்தில் விரித்து, ஒவ்வொருவரும் தத்தம் சுனை எழுதப்பட்ட இடத்தின்மேல் நின்று, தத்தம் மொழியில் அதன் கதையைச் சொல்லினர். பத்து ஆண்டுகளின் பின், 2007 நவம்பரில், நம் இலங்கைத்தீவினும் பரப்பிற் பெரிதான அந்நிலத்தில் அவர்களது உரிமையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மணலில் எழுதிய உறுதி மன்றில் ஏறிய வரலாறு இது.

இவ்வரலாற்றிலே இளைஞரும் முதியோரும் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு துணியைக் காட்டி மட்டும் அம்மக்கள் நிலவுரிமையை நிலைநாட்டவில்லை. துணியின்மேல் நின்று கதை சொல்ல வல்லவர் அவர்களிடையே இருந்தனர். குடியேற்றங்களில் அடைபட்டு, தம் மொழி இழிவென்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காலத்திலும், தந்தையர் மைந்தர்க்கும் தாயர் மகளிர்க்கும் அவற்றைச் சொல்லி வைத்தனர், இளையோர் செவிகொடுத்தனர். சொல்லுவாரும் கேட்பாரும் இல்லாதொழியின், எத்துணை இலட்சம் டொலர் பெறுமதியான ஓவியமும் வெறும் வட்டமும் கோடுமாகவே நிற்கும். பப்புன்யா முதியோருட் பலர் இன்று இல்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்றும் வரைகின்றனர். அவர்கள் குறியோடு கதையையும் கற்றுக்கொண்டாலன்றி அவ்வுறுதி நிலைக்கமாட்டாது. கதை சொல்வது முதியோர் கடன். கேட்டுவைப்பது இளையோர் கடன்.